ஒன்பதாவது வாளி

இஞ்சாருங்கோ,

நான்தான். வேறு யார் உங்களை இப்படிக் கூப்பிடுவது? பதினாறு வருடத்தில் உங்கள் பெயரை ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. உங்கள் உடம்பின் மேல் விழுந்து அழுத அன்றைக்கும் இந்த ஒரு சொல்தான் வந்தது. கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். இதைக் கேட்டால் நீங்கள் கிணற்றடியில் துலாக்கொடியைப் பிடித்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பீர்கள். அது போதும் எனக்கு.

நீங்கள் போய் ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகிவிட்டது. சபையின் மாதத் தாளுக்கு உங்களைப் பற்றி ஒரு சாட்சி எழுதித் தரச் சொல்லி பாஸ்ரர் கேட்டார். அச்சடிக்க மையும் இல்லை, தாளும் இல்லை. இப்போது கையால் ஐந்து பிரதி எழுதுகிறார்கள். அது வீடு வீடாகப் போய்ப் படித்த பிறகு திரும்பி வருகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ என்று சொல்லித்தான் கொப்பித்தாளை வாங்கி வந்தேன்.

முதலில் ஒரே ஒரு வரி எழுதினேன். "என் கணவர் எதற்கும் பயப்படாத விசுவாசி." எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தவள்தான், இரண்டு நாளாக எடுக்கவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அப்போது சபையில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

அதனால் அந்த வரியை வெட்டிவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

ஆமி வர, தெல்லிப்பழையை விட்டு ஓடி வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சைக்கிளில் ஒரு பக்கம் றங்குப்பெட்டி, மறு பக்கம் சட்டி பானை, பின்னால் மாமி, உங்கள் அம்மா. நான் நடந்து வந்தேன். தண்ணீர் இறைக்கிற மெசினை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நீங்கள் இரண்டு தரம் திரும்பிப் போனீர்கள். மானிப்பாய்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர் தன் காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட இடம் தந்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் அங்கேயும் மெசின்கள் சாக்கு மூடிக் கிடந்தன. மெசின்காரராக இருந்த நீங்கள் அப்பனுடைய காலத்துக் கிணற்றுத் துலாவைப் பிடித்தீர்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கூலிக்கு இறைத்தீர்கள். உள்ளங்கை வெடித்து இரத்தம் வந்தது. இரவு நான் தேங்காயெண்ணெய் பூசப் போனால், அது சமையலுக்கு வேண்டும் என்று கையை இழுத்துக்கொள்வீர்கள்.

அந்தக் கிணற்றடியில்தான் பாஸ்ரர் வந்து உங்களோடு கதைக்கத் தொடங்கினார். அவரும் இடம்பெயர்ந்தவர். எங்களைவிட வயது குறைந்தவர். கிடுகுக் கொட்டில்தான் சபை. வெள்ளை மாச் சாக்கு ஒன்றை வெட்டி விரித்து, சபை நம்புகிற ஒன்பது காரியங்களைத் தாரினால் எழுதி முன்னுக்குத் தொங்கவிட்டிருந்தார். ஞானஸ்நானம் எடுக்கிற ஆள் அந்த ஒன்பதையும் பார்க்காமல் சொல்லவேண்டும். சொன்னால் போதாது, நம்பவும் வேண்டும்.

நீங்கள் எனக்கு முன்னுக்கு எடுத்துவிட்டீர்கள். எடுத்த அன்றைக்கே அரைஞாண் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டீர்கள். மாமி உங்களுக்குச் சின்ன வயதில் கட்டிவிட்ட தாயத்தையும் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தீர்கள். மாமி மூன்று நாள் சோறு தின்னவில்லை. கூட்டத்தில் எழும்பி நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது. "கயிறு காப்பாத்தும் எண்டு நம்புறவன் கர்த்தரை நம்பேல்லை. ரெண்டு தோணியிலை ரெண்டு காலை வைக்கேலாது." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் பின்னால் வாசலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

எனக்கு வாசிக்கக் கஷ்டம் என்று நீங்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நீங்கள் துலாவில் இறைப்பீர்கள், நான் மண்வெட்டியோடு பாத்தியில் நின்று தண்ணீர் மாற்றுவேன். முதல் வாளி வாய்க்காலில் விழும்போது நீங்கள் "ஒண்டு!" என்று கத்துவீர்கள். நான் அங்கிருந்து முதலாவதைச் சொல்லவேண்டும்: வேதம் தேவனுடைய பேச்சு, அதில் பொய் இல்லை. அடுத்த வாளிக்கு அடுத்தது. பிழை விட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து. பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன இராசன், வெங்காயத்துக்கும் ஞானஸ்நானம் குடுக்கிறியோ?" என்று கேட்பார். "ஓமண்ணை, உங்கடை புகையிலைக்குத்தான் குடுக்கேலாது, அது இரட்சிக்கப்படாத சாமான்" என்பீர்கள் நீங்கள்.

இரண்டாவது வாளியில் நான் எப்போதும் தடக்குப்படுவேன். பிதா, குமாரன், ஆவி, மூன்றும் ஒரே தேவன்.

"மூண்டு பேர் எப்பிடி ஒராள்?" என்று கேட்டேன்.

"எனக்கும் விளங்கேல்லை" என்றீர்கள்.

"விளங்காமல் என்னெண்டு ஆமெண்டுறது?"

"நீர் என்னைக் கட்டேக்கை என்னை விளங்கித்தான் கட்டினீரோ?"

நான் மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினேன்.

நாலாவது வாளி எனக்குப் பிடித்தது. இயேசு எங்கள் இடத்தில் நின்று செத்தார். எனக்கு விழவேண்டிய அடி அவருக்கு விழுந்தது. இதை நான் உடனே விளங்கிக்கொண்டேன். அப்பா குடித்துவிட்டு வந்து என்னை அடிக்கிற நேரம் அம்மா குறுக்கே வந்து விழுவா. அதைக் கண்டு வளர்ந்தவளுக்கு இதை வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆறாவதையும் நம்பினேன்: நல்ல வேலை செய்து ஒருவரும் மோட்சத்துக்குப் போகமுடியாது, நம்புகிறவனுக்கு அது சும்மா கிடைக்கிறது. ஒன்பதாவது வாளி வரும்போது உங்களுக்கும் மூச்சு வாங்கும், எனக்கும் முதுகு நோகும். செத்தவர்கள் உடம்போடு எழும்புவார்கள். நம்பினவர்கள் வாழ்வுக்கு, மற்றவர்கள் தீர்ப்புக்கு. அதைச் சொல்லி முடித்தால் அன்றைய இறைப்பில் ஒரு சுற்று முடிந்தது. பிறகு திரும்ப ஒன்று.

நான் ஒன்பதையும் நம்பினேன். பொய் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்ததுதான் பிரச்சினை.

தண்ணீரில் இறங்குகிற பெண்கள் நகை ஒன்றும் இல்லாமல் இறங்கவேண்டும் என்பது சபை வழக்கம். தாலியும் நகைதான் என்றார்கள். எனக்கு இருந்தது மஞ்சள் கயிறும் குன்றிமணி அளவு பொன்னும். மூன்று மாதம் நான் சம்மதிக்கவில்லை. புருசன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றினவள் என்று எங்கள் பரம்பரையில் ஒருத்தி இல்லை.

"உதென்ன, கழுத்திலை கயிறு கட்டின மாடு மாதிரி" என்று பகிடி பண்ணினீர்கள்.

"மாடெண்டால் அவிட்டுவிட்டா ஓடிவிடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓடி எங்கை போவீர்? அங்காலை ஆமிக்காம்ப், இஞ்சாலை கடல்."

பகிடி எடுபடாமல் போக, ஒரு நாள் மெதுவாகக் கேட்டீர்கள். "நீர் இல்லாமல் நான் மட்டும் அங்கை போய் என்ன செய்யிறது?" என்றீர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் மட்டும்தான். அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன்.

ஞானஸ்நானத் தொட்டியை நிரப்ப நீங்கள் விடிய நாலு மணிக்கே துலாவில் நின்றீர்கள். பின்னேரம் நாங்கள் நாலு பேர் இறங்கினோம். தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்கு நின்றது. இறங்குவதற்கு முன் கொட்டிலுக்குப் பின்னால் போய் நானே முடிச்சை அவிழ்த்தேன். கை நடுங்கியது. நீங்கள் கையை நீட்டி, "தாரும், நான் கவனமா வைக்கிறன்" என்று வாங்கினீர்கள். பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

தண்ணீருக்குள் முழுகி எழும்பும்போது கழுத்து காற்றைப் போல இருந்தது. அது சந்தோசமா பயமா என்று இப்போதும் தெரியவில்லை. கரையில் நின்ற மாமி தலையில் அடித்துக்கொண்டு போனா.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள்.

காலை எட்டு மணி இருக்கும். நான் உங்களுக்குப் பிளேன்ரீ எடுத்துக்கொண்டு வரம்பால் வந்துகொண்டிருந்தேன். ஆமிக்காம்பிலிருந்து ஒரு செல் குண்டு வந்து முன் வீட்டு வளவுக்குள் விழுந்தது. நான் குப்புறப் படுத்தேன். இரண்டாவது கிணற்றடியில் விழுந்தது. எழும்பிப் பார்த்தால் துலா முறிந்து கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் சத்தம் இல்லை. நான் கூப்பிட்டேன். இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது கை கிடைக்கவில்லை. கந்தையா அண்ணையும் ஆட்களும் வெங்காயப் பாத்தி முழுக்கத் தேடினார்கள். அந்த முறை அந்தப் பாத்தியில் கிண்டின வெங்காயத்தை ஒருவரும் எங்களுக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

உடம்பைக் கழுவ ஆண்கள் வரத்தான் இருந்தார்கள். ஆனால் செல் நிற்கவில்லை. பாதிப் பேர் பங்கருக்குள், மற்றவர்கள் குழி வெட்டப் போய்விட்டார்கள். மாமி மயங்கிக் கிடந்தா. நான் கொட்டில் வாசலில் சீலையைக் கட்டி மறைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு தனியே உங்களோடு இருந்தேன். சாரத்தை அவிழ்த்தேன்.

அரையில் மஞ்சள் கயிறு. அதில் என் தாலி.

கயிற்றை அறுத்து அடுப்பில் போட்ட மனிசனின் அரையில். இரண்டு தோணியில் கால் வைக்கேலாது என்று சபையில் எழும்பிச் சொன்ன மனிசனின் அரையில். நீங்கள் அதை வாளிக் கயிற்றுக்குப் போடுகிற உங்கள் இரட்டை முடிச்சால் முடிந்து, தோலோடு தோலாக, ஒருவர் கண்ணிலும் படாமல் கட்டியிருந்தீர்கள். பத்தொன்பது நாளும் பக்கத்தில் படுத்த எனக்கே தெரியவில்லை. சாரத்தை இறுக்கி உடுக்கிறீர்களே என்று ஒரு நாள் நினைத்தேன். அவ்வளவுதான்.

முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. மற்றப் பக்கத்தால் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். அந்த நேரம் வெளியில் பெண்கள் வந்துவிட்டார்கள். கைக்குள் பொத்திக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருசன் செத்தால் மனிசியின் தாலியைக் கழற்றி அவனுடைய நெஞ்சில் வைப்பார்கள். மாமியின் தமக்கை என் கழுத்துக்குக் கை கொண்டுவந்தா. ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது. மாமி எழும்பி வந்து என் முகத்துக்கு நேரே கத்தினா:

"என்னத்தை எடுக்கப் போறாய்? அதைத்தான் இவள் முந்தியே கழட்டிப்போட்டாளே! உயிரோடை இருந்த என்ரை பிள்ளைக்குச் சா வீடு நடத்தினவள்! எடியே, கொலைகாரி, அவன் கொட்டிலுக்குள்ளை நிக்கேக்கையே நீ தாலியறுத்தவளடி!"

கையை விரித்திருந்தால் போதும். இந்தாருங்கோ மாமி, உங்கள் மகனின் அரையில்தான் இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவவின் வாய் அடைத்திருக்கும். ஆனால் வாசலில் பாஸ்ரர் நின்றார். சபை ஆட்கள் நின்றார்கள். அவர்கள் உங்களைப் பற்றி ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டு நின்றதை நான் கேட்டேன்: கடைசி மட்டும் அசையாத விசுவாசி, இந்நேரம் மகிமையில் இருப்பார். நான் கையை விரித்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? கை போய்விட்டது. உயிர் போய்விட்டது. பெயரும் போகவேண்டுமா?

நான் கையை விரிக்கவில்லை. நகம் உள்ளங்கையைக் கிழித்தது. மாமி சொன்ன எல்லாவற்றையும் நின்று கேட்டேன்.

உங்களுக்குக் கொள்ளி வைக்கவிடாமல் சபை முறைப்படி உங்களைப் புதைத்தோம். அது மாமிக்கு இரண்டாவது குற்றம். அன்றையிலிருந்து அவ என் கையால் ஒன்றும் தின்னவில்லை. அதே கொட்டிலின் மற்ற மூலையில் மூன்று கல்லை வைத்துத் தனக்கென்று கஞ்சி காய்ச்சினா. தண்ணீர் அள்ளப் போனால் பெண்கள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். கலியாணச் சாமான் வாங்கப் போகிற ஒருத்தி என்னைக் கண்டுவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போனா. சபையில் ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் தாலியைக் கழற்றாமல் வைத்திருந்த இரண்டு பெண்கள் அதற்குப் பிறகு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. 

சனம் சொல்வதை நான் தாங்குவேன். என்னைத் தின்றது வேறொன்று. இந்த ஒரு வருடமும் நான் உங்களைக் கேட்கிற கேள்வி இதுதான்: நீங்களும் மாமியைப் போலத்தான் நினைத்தீர்களா? நான் கழற்றினால் உங்களுக்கு ஆகாது என்று பயந்தீர்களா? பயந்திருந்தால் ஏன் என்னைக் கழற்றச் சொன்னீர்கள்? ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் முழுகாமலே இருந்திருப்பேனே.

அல்லது அது பயம் இல்லையா? அன்றைக்கு என் கை நடுங்கினதைக் கண்டு, இவள் அவிழ்த்ததை நானாவது கட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தீர்களா? எனக்குப் பதிலாக நீங்கள் கட்டினீர்களா? நான் இரவும் பகலும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னால் ஒழிய எனக்குத் தெரியப்போவதில்லை.

அந்தப் பொய் வரியை எழுதி நிறுத்தின பிறகு, மூன்றாம் நாள் காலை, நான் மாமியிடம் போனேன். அவ சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. கண் மங்கிவிட்டது அவவுக்கு, விரலால் தடவித்தான் பொறுக்குகிறா. சுளகுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னடி உது?"

"என்ரை தாலி, மாமி."

"கழட்டி எறிஞ்சதை ஏன் இப்ப எனக்குக் கொண்டந்து காட்டுறாய்?"

"நான் எறியேல்லை. அவர் வாங்கி வைச்சவர். அண்டைக்குக் கழுவேக்கை அவரின்ரை அரையிலை கட்டிக் கிடந்தது."

"ஆரின்ரை அரையிலை?"

"உங்கடை மகன்ரை."

"பொய் சொல்லாதை. நான் கட்டின அரைஞாணையே அறுத்து எரிச்சவன் அவன்."

"முடிச்சைத் தடவிப் பாருங்கோ."

மாமி எடுத்துத் தடவினா. உங்கள் இரட்டை முடிச்சு. உங்கள் அப்பா உங்களுக்குப் பழக்கிவிட்டதாம். மாமிதான் பிறகு சொன்னா. விரல் அந்த முடிச்சில் போய் நின்றது. வெகுநேரம் எடுக்கவில்லை. சுளகு மடியிலிருந்து சரிந்து அரிசி கொட்டினது. அவ கவனிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னா அவருக்கு விசுவாசம் இல்லையெண்டு சனம் கதைக்கும்."

"நான் உன்னைக் கொலைகாரி எண்டனான்."

"ஓம் மாமி."

"ஊரறியச் சொன்னனான்."

"ஓம்."

"கேட்டுக்கொண்டெல்லே நிண்டனி, விசரி."

பிறகு அவ ஒரு கேள்வி கேட்டா. அதை நான் அவ கேட்டபடியே எழுதுகிறேன். "அப்ப தாலியும் அவனிலைதான் கிடந்தது. உங்கடை ஆண்டவரும் அவனோடைதான் நிண்டவர். பிறகேனடி போனவன்?"

எனக்கு ஒன்பதும் பாடம். பார்க்காமல் சொல்வேன். ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் வரவில்லை. மற்ற எதற்கோ பதில் இருந்தது, இதற்கு இல்லை.

"எனக்குத் தெரியாது மாமி" என்றேன்.

"தெரியாதெண்டு சொல்லுற ஒருத்தியெண்டாலும் உங்கடை சபையிலை இருக்கிறாளே" என்றா மாமி. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று தெரியாத ஒரு சத்தம். நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து கொட்டின அரிசியை மண்ணிலிருந்து பொறுக்கினோம். தாலியை அவ தன் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. "இது என்னட்டைக் கிடக்கட்டும்" என்றா. மத்தியானம் தன் கோப்பையைக் கொண்டுவந்து என் அடுப்பருகில் வைத்தா. நான் சோறு போட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு.

அதற்குப் பிறகுதான் பாஸ்ரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரத்தடியில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ரியூப்பை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு காலை மற்றத் தோணியிலை வைச்சிருந்தவர், பாஸ்ரர். அவர் எங்கை இப்ப? பாதி நம்பினவனுக்குப் பாதி இரட்சிப்போ?"

அவர் ரியூப்பின் ஒட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். "அக்கா, உங்கடை ஆள் தண்ணிக்குள்ளை தாழேக்கை கயித்தைப் பிடிச்சவர் எண்டு வைப்பம். இழுக்கிறவருக்குப் பலம் இருந்தால் போதும். பிடிக்கிறவன்ரை கை நடுங்கினா அவர் விட்டிடுவாரோ? ஆறாவதை நாங்கள் அப்பிடித்தான் நம்புறம்."

"அப்பிடியெண்டால் தாலி?"

அவருடைய முகம் மாறினது. "அந்த ஒன்பதிலையும் தாலி இல்லை அக்கா. எங்களுக்கு முந்தினவை கழட்டச் சொன்னவை, நாங்களும் சொன்னம். நான் ஒரு நாளும் இருந்து யோசிக்கேல்லை. உங்களட்டைக் கேட்டிருக்கக் கூடாது." தலையைக் குனிந்து ரியூப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்க அதில் இனி ஒன்றும் இருக்கவில்லை.

இதை இப்படியே தாளில் போடட்டுமா என்று அவர்தான் கேட்டார். நான் யோசித்தேன். உங்கள் பெயருக்காக ஒரு வருடம் பொத்தி வைத்த கை. ஆனால் சபையில் நான் பின்வரிசையில் இருந்து பார்க்கிறேன். இடம்பெயர்ந்து வந்த சனம். மகனைப் பறிகொடுத்தவர்கள், மகன் எங்கே என்று தெரியாதவர்கள். ஒருத்தி பாட்டு நேரம் கையை உயர்த்தும்போது சட்டைக் கைக்குள் ஒரு கோயில் நூல் தெரிந்தது. என்னைக் கண்டதும் கையை இறக்கிவிட்டா. இன்னும் எத்தனை பேரின் அரையில் என்ன இருக்கிறதோ, எத்தனை பேர் அதை வைத்துக்கொண்டு தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்து நித்திரையில்லாமல் கிடக்கிறார்களோ. அவர்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். கூட்டத்தில் எழும்பி நின்று பேசின ஆளுக்கும் அரையில் ஒரு கயிறு இருந்தது. என்னைக் கோபிக்காதேயுங்கோ.

செத்தவர்கள் எழும்புகிற அந்த நாளில் புருசன் மனிசி என்று ஒன்றும் இருக்காதாம், பாஸ்ரர் படிப்பித்தார். கலியாணம் இந்த உலகத்தோடு சரியாம். அது வேதத்தில் இருக்கிறது, முதலாவது வாளிப்படி அதில் பொய் இல்லை. சரி, அப்படியே இருக்கட்டும். நீங்கள் எனக்கு ஒன்றும் இல்லாத ஆளாகவே எழும்புங்கோ. ஆனால் இரண்டு கையோடும் எழும்புங்கோ. அதை மட்டும் நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

இங்கே செய்தி இவ்வளவுதான். சனம் திரும்பவும் மூட்டை கட்டவேண்டி வரும் என்று கதைக்கிறது. மாமிக்கு இரவில் இருமல். முறிந்த துலாவுக்குப் பதிலாகக் கந்தையா அண்ணை வேறொன்று போட்டுவிட்டார். தொட்டியில் இருந்த வெடிப்பைச் சீமெந்து இல்லாமல் சுண்ணாம்பால் பூசியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ஐந்து பேர் இறங்குகிறார்கள். அதில் மூன்று பேர் பெண்கள். ஒருவரும் கழுத்தில் கிடக்கிறதைக் கழற்றத் தேவையில்லை என்று பாஸ்ரர் சொல்லிவிட்டார். தொட்டி நிரப்பத்தான் ஆள் இல்லை. இளம் ஆம்பிளைகள் யாரும் இப்போது பகலில் வெளியில் நிற்பதில்லை.

நான் நிரப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று பழகிப் பார்த்தேன். கொடி கையை அறுக்கிறது. ஒன்று, இரண்டு என்று உங்களைப் போலவே கத்தினேன். மறுமொழி சொல்லப் பாத்தியில் ஒருவரும் இல்லாததால் நானே சொன்னேன். இரண்டாவது இன்னும் விளங்கவில்லை. நாலாவதில் அம்மாவை நினைத்தேன். எட்டு மட்டும் சரியாக வந்தது. ஒன்பதாவது வாளி பாதி வழியில் வரும்போது கை நின்றுவிட்டது. செத்தவர்கள் எழும்புவார்கள் என்று சொல்லவேண்டிய வாளி, நீங்கள் செத்த அதே கிணற்றடி. வாளி கிணற்றின் நடுவில் தண்ணீர் சிந்திக்கொண்டு தொங்கினது.

ஞாயிறு விடியவும் என் கை ஒன்பதாவதில் நிற்கும். அதற்குப் பிறகும் நிற்கும். நம்புகிறேனா என்று நீங்கள் கேட்டால், சில நாள் நம்புகிறேன், சில நாள் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறேன் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கொடியைக் கைவிடமாட்டேன். வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் விழவிடமாட்டேன். கை விட்டுப் போகிற மட்டும் இழுப்பேன்.

மாமியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் யோசிக்காதேயுங்கோ.

கழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும்
உங்கட மனிசி,
பூமணி